கமிட் மடலும் அதன் பயனிலையும்: லோதி ரோட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

தில்லி லோதி ரோட்டின் இரண்டு கோடிகளிலும் மாற்றத்தை அறிவிக்கும் தொழிலே நடந்துவருகிறது. மேற்குக் கோடியில், சஃப்தர்ஜங் கல்லறைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் மௌசம் பவன், அதாவது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம், வானத்தில் நேரவிருக்கும் மாற்றங்களைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்களில் நாட்டுக்குச் சொல்கிறது. கிழக்குக் கோடியில், ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கின் பக்கமாக அமைந்த சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸில், 1976இல் தொடங்கப்பட்ட தேசியத் தகவலியல் மையமும் மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் குடியிருக்கின்றன. அங்கே அரசுக்கான கணினி நிரல்கள் எழுதப்படுகின்றன, எழுதப்பட்டவை திருத்தப்படுகின்றன, திருத்தப்பட்டவை மறுபடியும் திருத்தப்படுகின்றன. மழை வரும் என்ற அறிவிப்பை மக்கள் குடையோடு தொடர்புபடுத்திப் புரிந்துகொள்வதால் அதற்கு உரை தேவைப்படுவதில்லை. நிரல் மாறிவிட்டது என்று தானாகக் கிளம்பி வரும் மின்னஞ்சலுக்கோ குடை எது என்பதே தெளிவாகாத நிலையில், அதன் தோற்றம், இலக்கணம், பயன் ஆகியவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சொற்கள். நிரல் களஞ்சியம் என்பது ஒரு மென்பொருளின் கோப்புகளை அவற்றின் பழைய நிலைகள் அனைத்துடனும் சேர்த்து வைத்திருக்கும் இடம். தொழிலில் உள்ளோர் அதை ‘ரெப்போ’ என்றே அழைக்கின்றனர். ஒரு திருத்தத்தைக் குறிப்புடன் களஞ்சியத்தில் பதிவதற்குக் கமிட் என்று பெயர். அப்படிப் பதிந்ததை மைய சேவையகத்துக்கு அனுப்புவது புஷ். ஒரு நிகழ்ச்சி நடந்தவுடன் களஞ்சியம் தானாக ஓட்டும் சிறு நிரல் ஹூக், அதாவது கொக்கி. இந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வெளியே வரும் மின்னஞ்சலே இங்குக் கமிட் மடல் எனப்படுகிறது. மடல் என்ற சொல்லுக்குச் சங்க மரபில் பனங்கருக்குக் குதிரையில் ஏறித் தன் காதலை ஊரறியச் செய்தல் என்னும் பொருளும் உண்டு; ஒருவர் உள்ளே செய்த காரியம் ஊருக்கெல்லாம் தெரியவருகிறது என்ற அளவில் இரண்டு மடலும் ஒன்றே.

கமிட் மடலின் இலக்கணம் எளியது. எழுவாய் உண்டு: மாற்றியவரின் பெயர். செயப்படுபொருள் உண்டு: மாற்றப்பட்ட கோப்புகளின் பட்டியல். சிக்கல் பயனிலையில்தான். பொருள்வரியில் வரவேண்டிய வினை, பெரும்பான்மையான மடல்களில் ‘சிறு திருத்தம்’, ‘மறுபடியும் சரிசெய்தது’, ‘இறுதி’, ‘இறுதி 2’ என்ற வடிவங்களில் காணப்படுவதால், என்ன செய்யப்பட்டது என்ற வினாவுக்கு விடை மடலின் வாலில் தொங்கும் ‘டிஃப்’ பகுதியில் தேடப்பட வேண்டியதாகிறது. டிஃப் என்பது 1970களின் முற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் பிறந்த ஒரு நிரலின் பெயர். இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபட்ட வரிகளை மட்டும் காட்டுவது அதன் வேலை. இன்று வழங்கும் வடிவத்தில் நீக்கிய வரிக்குக் கழித்தல் குறியும் சேர்த்த வரிக்குக் கூட்டல் குறியும் இடப்படுகின்றன. சோழர் காலத்தில் ஓர் ஊர் தானமாக அளிக்கப்பட்டபோது அதன் எல்லை எது என்பதை ஐயமறக் காட்டப் பெண் யானையை நடத்திச் சுற்றிவந்தார்கள். அதைப் ‘பிடி சூழ்தல்’ என்று செப்பேடுகள் கூறும். டிஃப் செய்வதும் பிடி சூழ்தலே, யானையின் செலவு மட்டும் மிச்சம்.

சோழர் பக்கம் பார்வை திரும்பிவிட்டதால் அங்கே சற்று நிற்பது தகும். இன்று நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தின் பெயரால் பெரிய லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள் மொத்தம் 21 ஏடுகள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அளித்ததை அவை பதிவுசெய்கின்றன. சோழ அரசில் ஒரு முடிவு எப்படிப் பயணித்தது என்பதை இத்தகைய சாசனங்கள் சலிக்காமல் விவரிக்கும். அரசன் வாயால் சொல்வான். அதைக் கேட்டுக்கொள்ளும் அதிகாரி திருவாய்க்கேள்வி. ஓலையில் எழுதுபவன் திருமந்திர ஓலை. எழுதியதைச் சரிபார்த்து ஒப்பம் தருபவன் திருமந்திர ஓலைநாயகம். பிறகு புரவுவரித் திணைக்களத்தார் கணக்கில் ஏற்றுவார்கள். இத்தனையிலும் உடனிருந்தோர் ஒவ்வொருவர் பெயரும் ஊரும் வரிசையாக வரும். கிட் என்னும் இன்றைய முறை, நிரலை எழுதியவர் ஒருவர், களஞ்சியத்தில் சேர்த்தவர் ஒருவர் என இரண்டு பெயர்களைத் தனித்தனியே காத்துவைப்பதும், வேண்டுவோர் ஒப்பமிட்டவர் பெயரையும் அடியில் ஒரு வரியாகச் சேர்ப்பதும் புதுமை என்று கருதுவோர் ஓலைநாயகத்தை அறியாதவர்கள். தாமதமான அறிவிப்புக்கும் அங்கே முன்னோடி உண்டு: இராசராசன் கொடுத்த கொடை அவன் மகன் இராசேந்திரன் காலத்தில்தான் செப்பேட்டில் ஏறியது. இன்றைய அஞ்சல் சேவையகம் மடலைச் சில மணி நேரம் வரிசையில் நிறுத்திவைத்தால் பொறுமை இழப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

நவீன வரலாறு இதைவிடச் சுருக்கமானது, ஆனால் துன்பம் மிகுந்தது. 1986இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் தொடங்கிவைத்த சி.வி.எஸ். என்ற முறையில், ‘லாக்இன்ஃபோ’ என்ற நிர்வாகக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், ஒவ்வொரு கமிட்டும் மடலாகப் போகும். ஆனால் அந்த முறை கமிட்டை ஒரு முழுச்செயலாகக் கருதாமல் அடைவு அடைவாகக் கையாண்டதால், 12 அடைவுகளில் ஒரே எழுத்துப்பிழையைத் திருத்தியவர் 12 மடல்களை அனுப்பியவரானார். அவற்றைப் பிடித்துக் கட்டி ஒரே மடலாக்குவதற்கென்றே தனி நிரல்கள் எழுதப்பட்டன. 2000இல் தொடங்கிய சப்வெர்ஷன் இக்குறையைக் களைந்தது. திருத்தம் எத்தனை அடைவில் பரவினாலும் ஒரே எண், ஒரே மடல். அதற்குப் பதிலாக அது வேறொரு சோதனையை வைத்தது. அதன் கொக்கிகள் இயல்பாகவே வெற்றுச் சூழலில் ஓடுபவை. அதாவது, எந்தக் கட்டளை எந்த இடத்தில் இருக்கிறது என்ற அறிவு எதுவுமின்றி விழித்தெழுபவை. ஆகவே கையால் ஓட்டிப் பார்க்கும்போது மடலை ஒழுங்காக அனுப்பும் கொக்கி, தானாக ஓடும்போது ‘மெயில்’ என்ற கட்டளையைக் கண்டுபிடிக்க முடியாமல் மாண்டுபோகும். முழுமுகவரி எழுதினால் தீரும் இந்தச் சிக்கலில் கழிந்த மனித நேரத்தைக் கணக்கிட எவரும் துணியவில்லை.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், ‘போஸ்ட்-ரிசீவ்’ என்ற கொக்கியிடம் மூன்றே செய்திகளைச் சொல்கிறது: பழைய நிலையின் அடையாளம், புதிய நிலையின் அடையாளம், எந்தக் கிளை என்பது. அடையாளம் ஒவ்வொன்றும் வழக்கமாக 40 எழுத்து நீளமுடைய பதினறும எண். இவற்றுக்கு இடையில் நடந்த கதையைக் கொக்கியே தேடி எடுத்து மடலாக்க வேண்டும். இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ‘ப்ரீ-ரிசீவ்’ என்ற முந்தைய கொக்கிக்கு வரும் மாற்றத்தை மறுக்கும் அதிகாரம் உண்டு. போஸ்ட்-ரிசீவுக்கு அது கிடையாது. எல்லாம் முடிந்தபின் எழுப்பப்படும் அதனால் மடல் அனுப்ப முடியுமே தவிர, தடுக்க முடியாது. கல்யாணம் முடிந்த மறுநாள் வந்து சேரும் பத்திரிகையைப் போன்றது கமிட் மடல். போய் வாழ்த்தவும் முடியாது, எங்களிடம் சொல்லவில்லை என்று குறைபடவும் முடியாது.

குறைபட முடியாது என்ற இந்த இடத்தில்தான் கமிட் மடலின் உண்மைப் பயன் இருக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு. மத்திய தலைமைச் செயலகத்து நடைமுறையில் ஒரு கடிதம் புறப்படும்போது அதன் அடியில் ‘பிரதிலிபி’, அதாவது நகல், என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல் வரும். ‘தகவலுக்காக’ என்று சிலருக்கும், ‘தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்’ என்று சிலருக்கும். நடவடிக்கைக்காக என்று பெற்றவர் தகவலாக வைத்துக்கொள்வதும், தகவலுக்காக என்று பெற்றவர் கோப்பில் செருகுவதும் மரபு. அந்த நகல் படிக்கப்படுவதற்காகப் போவதில்லை; நாளை ஒரு கேள்வி எழும்போது, ‘தங்களுக்கும் நகல் வந்ததே’ என்று சொல்வதற்காகப் போகிறது. முன்பு பியூன் புக்கில் வாங்கிய கையெழுத்தும், டைரி எண்ணும், டிஸ்பாட்ச் முத்திரையும் செய்த வேலையை இப்போது கொக்கி செய்கிறது. தெரிவிப்பது வேறு, தெரிவித்தாயிற்று என்று ஆக்குவது வேறு. கமிட் மடல் இரண்டாவதைச் சார்ந்தது.

இதற்குச் சான்று பெறுநர்களின் நடத்தை. கமிட் மடலைப் பெறத் தொடங்கிய முதல் வாரத்தில் அனைவரும் படிக்கின்றனர். இரண்டாம் வாரத்தில் பொருள்வரியை மட்டும் படிக்கின்றனர். மூன்றாம் வாரத்தில் வடிகட்டி ஒன்றை அமைத்து, அம்மடல்கள் தாமாகவே ஒரு தனிக் கோப்புறையில் விழுமாறு செய்துவிடுகின்றனர். இயந்திரம் அனுப்புகிறது, இயந்திரம் வாங்கி அடுக்குகிறது, மனிதர் இரண்டு பக்கத்திலும் இல்லை. இந்தத் தூய நிலையைக் கெடுப்பது ஒன்றே ஒன்று: எல்.டி.சி. என்னும் விடுப்புப் பயணச் சலுகை எடுத்துக்கொண்டு குடும்பத்துடன் ராமேசுவரம் போன ஊழியரின் அஞ்சல் பெட்டி, ‘விடுப்பில் உள்ளேன், அவசரமெனில் செக்‌ஷன் ஆபீசரை அணுகவும்’ என்று ஒவ்வொரு கமிட் மடலுக்கும் பதில் எழுதுவது. தானாகப் பிறந்த மடலுக்கு அப்படியென்று தலைப்பில் அடையாளம் இடவேண்டும், அடையாளமிட்ட மடலுக்குத் தானியங்கிகள் பதில் சொல்லக்கூடாது என்பதற்கு இணையத்தில் 2004 முதல் முறைப்படியான நெறி உண்டு. கொக்கியை எழுதுவோர் அந்த ஒற்றை வரியைச் சேர்ப்பது நாகரிகம்.

இன்னொரு நாகரிகம் அனுப்புநர் பெயர் பற்றியது. திருத்தியவரின் முகவரியிலிருந்தே மடல் வந்ததுபோல் காட்டும் ஆசை கொக்கி எழுதுவோர் பலருக்கு உண்டு. ஆனால் ஒரு களப்பெயரின் சார்பாக மடல் அனுப்ப எந்தச் சேவையகங்களுக்கு உரிமை என்பதை எஸ்.பி.எஃப். என்ற பதிவு வரையறுப்பதால், பட்டியலில் இல்லாத சேவையகம் பிறர் பெயரில் அனுப்பியது எரிதமாகக் கருதப்பட்டுக் குப்பைக்குப் போகக்கூடும். ஓலைநாயகம் அரசன் கையெழுத்தைத் தானே போட்டால் என்ன ஆகும் என்பதைச் சோழர் சொல்லவில்லை, ஊகிக்கலாம்.

லோதி ரோட்டில் இவ்விவகாரம் அலுவலகச் சுவரைத் தாண்டியது ஒரு குறிப்பிட்ட நாளில். அரசு மென்பொருள்களின் மூலநிரலைத் திறந்துவைத்துக் கூட்டாக வளர்ப்பதற்கான கொள்கை 2015இலேயே வெளியாகி, ‘ஓப்பன்ஃபோர்ஜ்’ என்ற அரசுக் களஞ்சியத் தளமும் பின்னர் வந்துவிட்டது. எனினும் பொதுமக்கள் திரும்பிப் பார்த்தது, தேசியத் தகவலியல் மையத்தின் கொரோனாத் தொடர்பறியும் செயலியாக 2020 ஏப்ரல் 2 அன்று வெளியான ஆரோக்கிய சேதுவின் ஆண்ட்ராய்டு மூலநிரல் அதே ஆண்டு மே 26 அன்று கிட்ஹப் என்னும் களஞ்சியத் தளத்தில் வைக்கப்பட்டபோதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டி 30 நாள் காத்திருந்து பெறவேண்டிய வகையைச் சேர்ந்த செய்தி, ‘வாட்ச்’ என்ற பொத்தானை அழுத்தினால் வீட்டுக்கே வரும் என்று பலரும் நம்பினர். அந்த நம்பிக்கையில் ஒரு பிழை இருந்தது. அப்பொத்தான் விவாதங்கள், இணைப்புக் கோரிக்கைகள், புதிய வெளியீடுகள் ஆகியவற்றைத் தெரிவிக்குமே தவிர, நேரடியாகப் புஷ் செய்யப்படும் கமிட்டுகளைத் தெரிவிக்காது. அதற்குக் களஞ்சியத்தின் உரிமையாளர்தான் அமைப்புகள் பக்கத்தில் தனியாக முகவரி எழுதவேண்டும். அங்கும் கிட்ஹப் அனுமதிப்பது இரண்டே முகவரிகளை. நூற்று நாற்பது கோடி மக்களில் இரண்டு பேர் என்பது குறைவாகத் தோன்றலாம், ஆனால் படிக்கப்போகிறவர்களின் எண்ணிக்கையை இவ்வளவு நேர்மையாக மதிப்பிட்ட ஏற்பாடு வேறெதுவும் இல்லை.

இறுதியாக, கமிட் மடல் அமைக்க முனையும் வாசகருக்கு ஒரு குறிப்பு. கிட்டில் கொக்கிக் கோப்பை எழுதி உரிய அடைவில் வைத்தால் மட்டும் போதாது. அதற்கு இயங்கும் உரிமையும் தரப்பட வேண்டும். தரப்படாத கொக்கியைக் கிட் ஓட்டுவதில்லை. மாற்றம் வழக்கம்போல் ஏற்கப்படும், மடல் போகாது. ஆகவே சில மாதங்களாக எவரும் குறைசொல்லாமல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு ஏதேனும் இருந்தால், அந்த உரிமை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.