நாகலூரில் கேட்ட மூன்று குரல்

அன்றெல்லாம் ஏற்காடு மலையில் உள்ள எங்கள் நாகலூருக்குக் கூத்து வருகிறது என்றால், கீழிருந்து ஏழெட்டு ஆட்கள், மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியப் பெட்டி, வேஷச் சாமான் மூட்டை, இவ்வளவுதான் பஸ்ஸிலிருந்து இறங்கும். மைக் கிடையாது. பனி இறங்கும் மலையில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ‘கர்ண மோட்சம்’ இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும். காப்பித் தோட்டத்து வேலை முடித்து வந்த சனம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கும் ஒரு சொல் தப்பாது.

அந்தக் குழுவில் ஒருவரை என் காது இன்னும் மறக்கவில்லை. முன்னிரவில் அவர்தான் கோமாளியான கட்டியங்காரன். மூக்காலும் தொண்டையாலும் குரலைப் புரட்டிப் புரட்டிச் சிரிக்க வைப்பார். நடுநிசியில் கர்ணனின் மனைவி பொன்னுருவியாக வருவார். குரல் மெலிந்து மேல் ஸ்தாயிக்கு ஏறி, கணவனின் பிறப்பைக் குத்திக் காட்டும். கோழி கூவும் நேரத்துக்கு அவரே கர்ணனின் தாய் குந்தி. களத்தில் சாய்ந்த மகனை மடியில் போட்டுப் புலம்பும்போது, வயதான தாயின் உடைந்த குரல் அதே தொண்டையிலிருந்து வரும். சேலை மாறுவதற்கு முன்பே குரல் மாறிவிடும்.

இது வரப்பிரசாதம் மட்டும் அல்ல, பயிற்சி. குரல்நாண் குறுகித் தடித்தால் கனத்த ஓசை; நீண்டு மெலிந்தால் உச்ச ஓசை. இரண்டுக்கும் நடுவே பிசிறில்லாமல் போய்வரத்தான் வருஷக்கணக்கில் சாதகம். அடியைப் பின்பாட்டுக்காரர் திருப்பிப் பாடும் அந்தச் சில நொடிகளில் ஆட்டக்காரர் மூச்சை வாங்கிக்கொள்வார். இரவு முழுக்கத் தொண்டை தாங்கியதில் பின்பாட்டுக்கும் பங்கு உண்டு.

மேடை நாடகத்திலும் இதே கதைதான். 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பாலர் சபையில், மீசை முளைக்காத பையன்களே ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இரண்டையும் பாடி நடித்தார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும். பின்னாளில் சினிமா நடிகரான பி.யு. சின்னப்பா அப்படிப் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். இந்த மலைக்கு வரும் ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அந்தக் கம்பெனி எடுத்த ‘உத்தம புத்திர’னில் (1940) இரட்டை வேடத்தில் நடித்தார். வேறு கம்பெனி எடுத்த ‘ஜகதலப்பிரதாப’னில் (1944) ஒரே பாட்டில் ஐந்து சின்னப்பாவாகத் தோன்றினார். நடிகை கே.பி. சுந்தராம்பாளோ 1935-ல் சினிமாவில் நந்தனாராகவே நடித்துப் பாடினார். ஆண் வேஷம், பெண் வேஷம் என்ற வேலி அந்தக் குரல்களுக்கு இருக்கவில்லை.

இப்போது கூத்து வருகிறது என்றால் முதலில் வேனிலிருந்து இறங்குவது ஸ்பீக்கர் பெட்டி. எக்கோ, கீபோர்டு எல்லாம் உண்டு. சில குழுக்களில் பெண் வேஷத்துக்குப் பெண்களே வருகிறார்கள்; அதை மனமார வரவேற்கிறேன். தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை என்பதும் நல்லதே. ஆனால் கட்டியங்காரன், துரியோதனன், கர்ணன் எல்லாரும் ஒரே சுருதியில், ஒரே கனத்தில், ஒரே எக்கோவில் பேசுகிறார்கள். கண்ணை மூடினால் யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. குரலே கருவியாக இருந்த காலத்தில் ஒருவருக்கு மூன்று குரல் இருந்தது. குரலுக்குக் கருவி வந்த பிறகு மூன்று பேருக்கு ஒரே குரல்.

மைக்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அமெரிக்கப் பாடகி எத்தல் மெர்மன் 1930-ல் மைக் இல்லாமலே நியூயார்க்கின் பிராட்வே அரங்கைக் குரலால் நிறைத்தார். இன்று அங்கும் எல்லாரும் மைக் மாட்டித்தான் பாடுகிறார்கள். ஆனாலும் மியூசிக்கல் நாடகப் பயிற்சியில் நெஞ்சைத் திறந்து ஓங்கிப் பாடும் ‘பெல்ட்’, செவ்வியல் சாயலில் பாடும் ‘லெஜிட்’ இரண்டும் வேண்டும். ஒன்றோடு நிற்பவருக்கு வாய்ப்பு சுருங்கும். அங்கே கருவி வந்த பிறகும் சாதகம் நிற்கவில்லை. நாம் நிறுத்திவிட்டோம்.

திருவிழாவுக்குக் கூத்து வைக்கும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மணி நேரமாவது மைக்கை அணைத்து வையுங்கள். சனத்தைக் களத்துக்கு அருகே நெருக்கி உட்கார வையுங்கள். கூத்து வாத்தியாரோடு ஒரு சின்னப் பையனோ பெண்ணோ பின்பாட்டுப் பழக வந்தால், அந்தப் பிள்ளைக்கும் தனியாகச் சம்பளம் கொடுங்கள்.