பெரிய இங்கிலீஷ்

எங்கள் தெருவில் ஒருவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்றால், அவர் பேசுவது மற்றவர்களுக்குப் புரியாது என்று பொருள். புரிந்துவிட்டால் மதிப்புக் குறைந்துவிடும். 1980களின் திருச்சியில் இது எழுதப்படாத சட்டம். ரெவின்யூவில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பார். சாக்கடை அடைத்துக்கொண்டது என்ற ஒற்றைச் சமாச்சாரத்தை முக்கால் பக்கத்துக்கு இழுப்பார். 'ஐ மோஸ்ட் ஹம்ப்ளி அண்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி' என்று வாசிக்கத் தொடங்கும்போதே எதிரில் நிற்பவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். அந்த மனுக்களால் சாக்கடை ஓடியதாக நினைவில்லை. ஆனால் என்ன, மனு ஓடிற்று. நகலை வாங்கிப் பக்கத்துத் தெருவுக்கும் கொண்டுபோனார்கள்.

அந்தத் திண்ணையை எட்டிப்பிடிக்க ஒரே வழிதான் என்று ஊரில் இருந்த எல்லா அப்பாக்களும் பேசிவைத்தாற்போல் சொன்னார்கள்: "ஹிந்து பேப்பரைப் படிடா, இங்கிலீஷ் தானா வரும்."

தானாக ஒன்றும் வரவில்லை. காபி ஆறுவதற்குள் தலையங்கத்தை உரக்க வாசிக்க வேண்டும். தெரியாத சொல்லின் அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு. தலையங்கம் முடியும்போது பேப்பர் தட்டம்மை கண்டதுபோல் ஆகியிருக்கும். பிறகு லிஃப்கோ அகராதி. அதில் ஒரு சொல்லுக்கு எதிரே வரிசையாக ஐந்தாறு தமிழ்ச் சொற்கள் நிற்கும். எது நமக்கு வேண்டியது என்று அகராதிக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் எழுதிக்கொள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாங் சைஸ், கெட்டி அட்டை. அப்பா தன் ஆபீஸ் லெட்ஜர் பாணியில் வலது ஓரத்தைச் சவர பிளேடால் படிப்படியாக வெட்டி, ஏ முதல் இசட் வரை எழுத்து போட்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி: சொல், அர்த்தம், சொந்த வாக்கியம். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதில்தான் உயிர் போகும். 'மாக்னானிமஸ்' என்று எழுதிவிட்டு அதற்கு ஒரு ராஜாவைத் தேட வேண்டும். 'அவாரிஷியஸ்' வந்தால் ஒரு கஞ்சப் பிரபு. என் சொந்த வாக்கியங்கள் முழுக்க மன்னர்களும் மந்திரிகளும் துரோகிகளும்தான் நடமாடினார்கள். ரேஷன் க்யூவும் டியூஷன் பீஸும் இருந்த எங்கள் வீட்டில் அந்தச் சொற்களைச் சுமக்கிற அளவுக்கு ஆட்களும் இல்லை, சம்பவங்களும் இல்லை.

சாப்பிடும்போது ஒரு சுற்றுக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு கண் எரியும்போது இன்னொரு சுற்று. மறந்திருப்போம் என்று அவருக்கு எப்படித் தெரியுமோ, சரியாக அந்தச் சொல்லாகப் பார்த்துக் கேட்பார். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் இந்த மறதிக் கணக்கை அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து ஆராய்ந்து 1885இலேயே புத்தகம் போட்டுவிட்டார் என்று பின்னால்தான் படித்தேன். அப்பா புத்தகம் எதுவும் போடவில்லை.

உதாரண புருஷர்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ஜில்லா வலங்கைமானில் பிறந்து, 'சில்வர் டங்' என்று வெள்ளைக்காரர்களே கொண்டாடிய சீனிவாச சாஸ்திரியின் பெயர் வாரம் ஒருமுறையாவது வீட்டில் அடிபடும். அப்பா கட்சி அது. சித்தப்பா கட்சி அண்ணா. 'பிகாஸ்' என்ற சொல்லை வைத்து அண்ணா வெள்ளைக்காரர்களை மடக்கிய கதை நடந்ததோ இல்லையோ, தமிழ்நாட்டில் அதைக் கேட்காதவர் கிடையாது. அந்தக் கதையில் வருவது எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரிந்த சொல்தானே என்று ஒருவரும் கவனிக்கவில்லை. அண்ணாவைப் பார்த்து வியந்துவிட்டு எங்களை 'மாக்னானிமஸ்' படிக்க அனுப்பினார்கள்.

வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு ரீடர்ஸ் டைஜஸ்ட். அதில் 1945இல் வில்ஃப்ரெட் ஃபங்க் தொடங்கிய சொல்வளப் பகுதி மாதாமாதம் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு விடை. கடைசியில் நீ எத்தனை மார்க், அதற்கு என்ன பட்டம் என்றும் போட்டிருக்கும். வக்கீல் வீட்டு வராந்தாவில் கட்சிக்காரர்கள் வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருக்க, நாங்கள் அந்தப் பக்கத்தை மட்டும் தின்றுகொண்டிருப்போம். எங்களுக்கு முன்பே யாரோ விடைகளை டிக் செய்திருப்பார்கள், பெரும்பாலும் தப்பாக.

இல்லாதவர்களுக்கு மெயின்கார்டுகேட்டின் பழைய புத்தகக் கடைகள். அங்கே கேட்காமலே எடுத்து நீட்டுவார்கள், நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி'. 1949இல் அமெரிக்கர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட புத்தகம். இந்தியப் பிளாட்பாரத்தில்தான் சிரஞ்சீவி ஆயிற்று. லத்தீன், கிரேக்க வேர்களைப் பிடித்துக்கொண்டால் ஒரு வேரில் பத்துச் சொல் காய்க்கும் என்பது அவருடைய சித்தாந்தம். உண்மைதான், காய்த்தது. மனிதர்களை வெறுப்பவன், பெண்களை வெறுப்பவன், கல்யாணத்தை வெறுப்பவன் என்று மூன்று பேருக்கும் தனித்தனிப் பெயர் ஒரே மாதத்தில் தெரிந்துகொண்டோம். கண்டக்டரிடம் சில்லறை பாக்கி கேட்க வாய் வராது, அது வேறு விஷயம்.

1990களில் இந்த விவகாரம் பொழுதுபோக்கிலிருந்து பயணச்சீட்டாக உயர்ந்தது. ஜி.ஆர்.இ. என்ற தேர்வு. படிக்க அமெரிக்கா போக வேண்டுமானால் எதிர்ச்சொல் தெரிய வேண்டும். பாரன்ஸ் புத்தகத்தில் ஐம்பது பட்டியல், சுமார் 3,500 சொல். புத்தகம் யாரிடமும் கிடையாது. ஸ்பைரல் பைண்டிங் போட்ட சீராக்ஸ்தான், சீனியரிடமிருந்து ஜூனியருக்கு சீதனம்போல் இறங்கும். ஆர்.இ.சி. இன்ஜினியரிங் கல்லூரி விடுதியில் நண்பன் அறைக்குப் போனால் கதவு, அலமாரி, கண்ணாடி ஓரம் எங்கும் துண்டுச் சீட்டுகள். 'அபேஸ், அபாஷ், அபேட்' என்று சுப்ரபாதம் ஓடும். மெஸ் சாம்பார் 'இன்சிபிட்', வார்டன் 'மார்டினெட்', பரீட்சை முடிவு 'அபிஸ்மல்'. வெளியே வந்து டீ குடிக்கும்போது மட்டும் தமிழ். டீக்கடையில் யாராவது வாய்தவறி அந்தச் சொற்களில் ஒன்றை எடுத்துவிட்டால் "என்னா பீட்டர் வுடுறே?" என்று பெஞ்சே திரும்பும்.

இத்தனையும் மூளையில் ஏற்றிக்கொண்டு சென்னை ஜெமினி மேம்பாலத்தடியில் அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி கேட்டது என்ன? ஏன் இந்தக் கல்லூரி, யார் பணம் கட்டுகிறார், படித்து முடித்து என்ன செய்வாய். எல்லாம் ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ். 3,500இல் ஒன்றையாவது எடுத்து வீசலாம் என்று பார்த்தால் இடமே கொடுக்கவில்லை. அந்த நண்பன் போய்ச் சேர்ந்து, குடியுரிமை வாங்கி, வீடும் வாங்கிவிட்டான். இப்போது போனில் பேசினால் அவனிடம் மிச்சமிருக்கும் இங்கிலீஷ் 'கூல்', 'ஆசம்', 'நோ வொரீஸ்'.

அப்புறம் அமெரிக்காக்காரர்களே கடையைக் கட்டத் தொடங்கினார்கள். 2010இல் அரசு அலுவலகங்கள் மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். சாக்கடை மனுக்காரர் உயிரோடிருந்திருந்தால் மாரடைப்பு வந்திருக்கும். மறுவருடம் ஜி.ஆர்.இ.யில் எதிர்ச்சொல் பகுதியையும் ஒப்புமைப் பகுதியையும் எடுத்துவிட்டார்கள். 2016இல் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.யும் ஆள் புழங்காத சொற்களைக் கைவிட்டது. எவ்வளவு சுவர், எவ்வளவு துண்டுச் சீட்டு!

என் அக்கா மகள் போன வருடம் ஜி.ஆர்.இ. எழுதினாள். நோட்டு இல்லை, பிளேடு இல்லை. மெட்ரோ ரயிலில் நின்றுகொண்டே செல்போனில் அட்டைகளைத் தள்ளுவாள். தெரியும் என்றால் ஒரு பக்கம், தெரியாது என்றால் மறுபக்கம். தெரியாததை ஆப் மறுநாள் திரும்பக் கொண்டுவரும்; தெரிந்ததை வாரம் கழித்து. எபிங்ஹாஸ் கணக்கு. எண்ணெய் தேய்த்துக் கண் எரியாமல் அதே வேலை நடக்கிறது. சொந்த வாக்கியம் எழுத வேண்டாமா என்று கேட்டேன். "எதுக்கு மாமா? வாக்கியத்தையும் அதுவே குடுக்குது." பார்த்தேன். அதில் மன்னர்கள் இல்லை. ஆராய்ச்சியாளர்கள், நகராட்சித் திட்டங்கள், தட்பவெப்பம். மார்க்கும் நன்றாகவே வாங்கினாள்.

பெரிய இங்கிலீஷுக்கு இன்றைக்கும் ஒரு ஆள் இருக்கிறார். சசி தரூர் 2017இல் ட்விட்டரில் 'ஃபராகோ' என்று ஒரு சொல்லைப் போட்டார். நாடே அகராதியைத் திறந்தது. மறுவருடம் தன் புத்தகத்தை அறிவிக்க 29 எழுத்துச் சொல் ஒன்றை இறக்கினார். எங்கள் தலைமுறை மெய்சிலிர்த்தது. அடுத்த தலைமுறை மீம் போட்டது. திண்ணைக்காரரின் அந்தஸ்து ஒருவர் கையில் பத்திரமாக இருக்கிறது, வேடிக்கைப் பொருளாக.

உச்சகட்டம் இனிமேல்தான். எங்கள் அடுக்ககத்தில் லிப்ட் படுத்துவிட்டது. கட்டியவருக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டார்கள். வாழ்நாளில் முதன்முறையாக அந்த நோட்டுக்கு வேலை வந்தது. இரண்டு மணிநேரம் உட்கார்ந்து, 'எக்ரீஜியஸ்' என்ன, 'அன்கான்ஷனபிள்' என்ன, ஒன்றுவிடாமல் இறக்கி வாட்ஸப் குழுவில் போட்டேன். செயலாளர், பையன், முப்பது வயது இருக்கும், உடனே பதில் போட்டார்: "சூப்பர் அங்கிள்! எந்த ஏ.ஐ.?"

அக்கா மகளிடம் முறையிட்டேன். அவள் சிரிக்கவில்லை, விளக்கினாள். 2024இல் பால் கிரஹாம் என்ற முதலீட்டாளர், தனக்கு வந்த மெயிலில் 'டெல்வ்' என்ற சொல் இருப்பதைக் காட்டி, இது சாட்ஜிபிடியின் கைவண்ணம் என்கிற மாதிரி எழுதிவிட்டாராம். நைஜீரியாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்: எங்கள் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், இது எங்கள் அன்றாட இங்கிலீஷ் என்று. கேட்டதும் அந்த ஊரிலும் சிவப்புப் பென்சில் அப்பாக்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் பெரிய சொல் என்றால் இவன் படித்தவன் என்று அத்தாட்சி. இன்றைக்கு இதை இவன் எழுதவில்லை என்பதற்கு.

கடைசியில் அவள் ஒரு யோசனை சொன்னாள்: "நடுவுல ரெண்டு ஸ்பெல்லிங் மிஸ்டேக் விடுங்க மாமா. மனுஷன் எழுதின மாதிரி இருக்கும்." அப்பாவின் படம் அப்போது எதிர்ச்சுவரில்தான் இருந்தது.

சேர்த்த சொற்கள் வீண் என்று சொல்லமாட்டேன். எந்தப் புத்தகத்தையும் அகராதியைத் தேடாமல் படிக்க முடிகிறதே, அதற்கு அந்த நோட்டுதான் காரணம். வாசிக்க நன்றாகவே உதவிற்று, எழுதத்தான் கெடுத்தது. லிப்டைப் பற்றி அக்கா மகள் நான்கு வரியில் ஒரு மெயில் அடித்தாள். ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார்கள்.

நார்மன் லூயிஸ் இன்னும் பிளாட்பாரத்தில் விற்கிறார். பழைய பிரதி ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். மனித சுபாவங்களைப் பற்றிய அத்தியாயம் முழுக்க பென்சில் கோடு, ஓரக் குறிப்பு, தேதி. டாக்டர்களைப் பற்றிய அத்தியாயத்தில் கோடு மெலியும். அதற்கும் பின்னால் பொய்யர்களைப் பற்றிய அத்தியாயம் வரும்போது பக்கம் பளிச்சென்று இருக்கும். ஆகவே வாங்குகிறவர்கள் பழைய பிரதியையே வாங்குங்கள். முக்கால்வாசி புதுசுதான்.