வாசிப்பு மொய்: எழுதுவோர் வட்டங்களின் கொடுக்கல் வாங்கல் குறித்து ஓர் ஆய்வு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊரில் எழுதுகிற பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையிலோ கிளை நூலகத்திலோ யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியிலோ கூடுகிறார்கள். ஒருவர் தம் கதையை வாசிக்கிறார். மற்றவர்கள் கருத்துச் சொல்கிறார்கள். நடுவில் டீ வருகிறது. இதை இலக்கியத் திறனாய்வின் ஒரு கிளை என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து பிழையானது என்பதையும், இந்நிகழ்வு முழுக்க முழுக்க மொய்யியலின்பாற்படும் என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். மொய்யியல் என்றொரு துறை இதுவரை இருந்ததில்லை. இந்தப் பத்தியிலிருந்து உண்டு.

மொய்யின் தூய வடிவத்தைக் காண வேண்டுமானால் கல்யாண வீட்டுக்குப் போகக் கூடாது. அங்கே தாலி, மேளம் என்று கவனத்தைச் சிதறடிக்கும் காரியங்கள் பல. ஆடி, ஆவணி மாதங்களில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போக வேண்டும். அங்கே நடக்கும் மொய் விருந்தில் மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை, காது குத்திக்கொள்ளக் குழந்தைகூட இல்லை. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறி ஆக்கி, வாசலில் நோட்டுடன் ஆளை உட்கார வைக்கிறார்கள். வந்தவர் சாப்பிட்டு, பணம் கொடுத்து, பெயரை எழுதச் சொல்லிவிட்டுப் போகிறார். நாளை அவர் விருந்து வைக்கும்போது இவர் போய்க் கொஞ்சம் கூடவே சேர்த்துச் செய்துவிட்டு வர வேண்டும். இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது ஒன்று: கறிக்குழம்பு எப்படி இருந்தது என்பது நோட்டில் எங்கும் பதிவாவதில்லை.

இனி இலக்கியச் சான்றுகள்.

இத்துறையின் மூல ஆவணங்கள் சிலப்பதிகாரப் பதிகமும் மணிமேகலைப் பதிகமும். முன்னது, இளங்கோவடிகள் காப்பியம் செய்ய, மதுரைக் கூலவாணிகன் சாத்தன் அதைக் கேட்டான் என்கிறது. பின்னது, இளங்கோ கேட்க, சாத்தன் மணிமேகலையை முப்பது பாட்டில் செய்தான் என்கிறது. இவர் எழுத அவர் கேட்டார். அவர் எழுத இவர் கேட்டார். வரவும் செலவும் நேராகிவிட்ட கணக்குக்கு இதைவிடத் தெளிவான சான்று உலக இலக்கியத்தில் உண்டா என்று தெரியவில்லை, தமிழில் இல்லை. பதிகங்கள் பிற்காலத்தவை என்று சிலர் சொல்வார்கள். மொய் நோட்டையும் விருந்து முடிந்த பிறகுதான் கூட்டிப் பார்ப்பார்கள்.

சாத்தனின் தொழிலைக் கவனிக்க வேண்டும். கூலம் என்றால் தானியம். பகலில் கடை, மாலையில் காப்பியம். எதிரே இருந்தவர் குணவாயிற்கோட்டத்தில் துறவியாக இருந்த சேர இளவல். கையில் ராஜ்ஜியமும் இல்லை, குடும்பமும் இல்லை, நேரம் மட்டும் இருந்தது. ஆக, தமிழின் இரட்டைக் காப்பியங்களைச் செய்தவர்கள் ஒரு மளிகை வியாபாரியும் ஓர் ஓய்வுபெற்ற இளவரசரும். இன்றைக்கும் எந்த ஊர் வட்டத்தில் எட்டிப் பார்த்தாலும் இவ்விருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். கண்ணகி கதையைத் தாமே சொல்லிவிட்டு, மூவேந்தரையும் தொட்டுச் செல்லும் கதை இது, நீங்களே எழுதுங்கள் என்று சாத்தன் விட்டுக்கொடுத்ததாகவும் பதிகத்தில் வருகிறது. பெருந்தன்மை என்பார்கள். தானியம் நிறுத்துப் பழகியவர், பெரிய மொய்யை முதலில் வைத்தார் என்பது என் துணிபு.

பிறர் பாட்டில் பிழை கண்டால் சாத்தனார் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொள்வார், அதனால் தலை புண்ணாகிச் சீழ் பிடித்தது என்றொரு பழங்கதை இருக்கிறது. பிழை செய்தவன் எதிரே நிற்க, அவன் தலையை விட்டுவிட்டு ஏன் தன் தலை? உரையாசிரியர் எவரும் எழுப்பாத இக்கேள்விக்கு மொய்யியல் ஒன்றுதான் விடை தருகிறது. முப்பது பாட்டு கைவசம் காத்திருந்தது. கேட்க ஆள் வேண்டும். திருக்குறளைக் கேட்டதும் அந்தத் தலைவலி தீர்ந்தது என்கிறது திருவள்ளுவமாலை. குறளின் பொருட்சிறப்பு காரணமாக இருக்கலாம். ஒன்றே முக்கால் அடியில் முடிந்துவிடுவதும் காரணமாக இருக்கலாம்.

திருவள்ளுவமாலை என்பதே நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய மொய் நோட்டு. ஒரே நூலுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பாராட்டுப் பாடல்கள். வரிசையில் நாமகளும் பெயர் எழுதியிருக்கிறாள். வள்ளுவர் யாருக்கும் திருப்பிச் செய்ததாகத் தகவல் இல்லை. பெரிய கைகளுக்கு இந்த விலக்கு உண்டு.

திருப்பிச் செய்யாததால் நேர்ந்த கேட்டுக்குப் பனம்பாரனார் சாட்சி. தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் செய்தவர். தொல்காப்பியருடன் ஒன்றாகப் படித்தவர் என்பது மரபு. உடன்படித்தவர் பாயிரம் எழுதலாம் என்று நன்னூலும் பிற்காலத்தில் அனுமதி கொடுத்துவிட்டது. அந்தப் பாயிரத்தின் தயவில்தான் அதங்கோட்டாசான் முன்னிலையில் பாண்டியன் அவையில் நூல் அரங்கேறியது நமக்குத் தெரியும். பனம்பாரனாரும் ஓர் இலக்கணம் செய்தார் என்கிறார்கள். அதற்குத் தொல்காப்பியர் பாயிரம் தந்ததாகச் செய்தி இல்லை. நூலும் இல்லை.

கள ஆய்வுக்கு வருவோம். வாசிக்கப் போகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது சும்மா எழுதிப் பாத்தது, இன்னும் திருத்தல" என்று தொடங்குகிறார். ஆறு தடவை திருத்தியிருப்பார். கேட்போரில் அன்று கதை கொண்டுவந்தவர், கொண்டுவராதவர் என இரு பிரிவு உண்டு. முதல் பிரிவினரை அடையாளம் காண்பது எளிது. மடியில் பை இருக்கும். பைமேல் கை இருக்கும்.

கருத்துரைகளை வகைப்படுத்தப் புதிய கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. நூலாசிரியர் கொள்ளும் மதம் ஏழு என்று நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டார். அவரும் ஏதோ ஒரு வட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார் என்றே ஊகிக்க வேண்டியிருக்கிறது. உடன்படல் முதலாவது: "ரொம்ப நல்லா வந்திருக்கு சார்." இதைச் சொல்பவர் அடுத்து வாசிக்கப் போகிறவர். மறுத்தல் இரண்டாவது: இவர் பையில் இன்று எதுவும் இல்லை. முதலில் ஏற்பதுபோல ஏற்றுப் பிறகு களைவது மூன்றாவது. "நடை அருமை, அந்தக் கிழவி அருமை, ஆனா" என்று தொடங்கினால், ஆனாவுக்குப் பிறகு கதையில் கிழவியைத் தவிர எதுவும் மிஞ்சாது. தானே ஒரு பொருளை நாட்டி நிலைநிறுத்துவது இன்னொன்று. இதுதான் நேரத்தை விழுங்குவது. தாம் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போம் என்று சொல்லப் புகுந்து, வேறொரு கதையையே முழுதாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது வாசிப்பாகக் கணக்கில் சேருமா என்பதில் வட்டங்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒரு பக்கம் துணிவது தலைமை வகிப்பவருக்குரியது. டீ வந்துவிடுவதால் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. பிறர் நூலில் குற்றம் காட்டுவது, அன்று வராதவர் கதையைப் பற்றிப் பேசும்போது சிறப்பாக நடைபெறும். ஏழாவது, பிறர் சொன்ன எதற்கும் உடன்படாமல் தன் மதத்தையே கொள்ளுதல். அது கதை வாசித்தவருடையது. எல்லாவற்றையும் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி, வீட்டுக்குப் போய், ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் வார இதழுக்கு அனுப்பிவிடுவார்.

மொய்யின் அளவுப் பிரச்சினை தனி ஆய்வுக்குரியது. பத்துப் பக்கக் கதைக்குப் பத்துப் பக்கம் என்பது நியாயம். ஹைக்கூ எழுதுகிறவர் மூன்று வரி வாசித்துவிட்டு மற்றவரின் நெடுங்கதைக்கு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது; பாவம். எனவேதான் கவிஞர்கள் தனி வட்டம் அமைத்துக்கொள்கிறார்கள். நாவலாசிரியர்களோ இந்தப் பொருளாதாரத்தில் பணவீக்கத்துக்குச் சமம். ஐந்நூறு பக்கத் தட்டச்சுப் பிரதியைச் சணல் கட்டி, "அவசரமில்ல அண்ணே, நிதானமா படிங்க" என்று ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், அந்த அண்ணன் மறுமாதம் முதல் மூட்டுவலியால் கூட்டத்துக்கு வருவதில்லை.

வாராக்கடனும் உண்டு. ஒருவர் கதை அச்சில் வந்து, அந்த மாதத்தின் சிறந்த கதையென்று பரிசும் பெற்றுவிட்டால் அவரைக் கூட்டத்தில் பார்ப்பது அரிதாகிவிடும். அவர் கேட்கவேண்டிய பாக்கியெல்லாம் அப்படியே நிற்கும். பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்ற அச்சிட்ட சீட்டுடன், தாமே தபால்தலை ஒட்டி அனுப்பிய உறையில் கதையைத் திரும்பப் பெற்றவர்கள் ஒழுங்காக வருகிறார்கள். வட்டங்களைக் காப்பாற்றி வந்திருப்பது அந்தச் சீட்டுதான். பத்திரிகை ஆசிரியர்களுக்கு இது தெரியுமோ தெரியாதோ.

இந்த அமைப்புக்கு வெளியே நிற்கும் வாசகர் ஒருவரே: வீட்டில் இருப்பவர். அவர் எதையும் எழுதுவதில்லை. ஆகவே அவருக்கு எவரும் கேட்கக் கடமைப்படவில்லை. கதையைக் கேட்டுவிட்டு, "இது எங்க பெரியத்தைதானே? ஏன் இப்படி எழுதி வச்சிருக்கீங்க?" என்பார். கலப்படமற்ற ஒரே திறனாய்வு இதுவாக இருப்பதாலேயே வட்டங்களில் யாரும் இதை மேற்கோள் காட்டுவதில்லை.

இறுதியாக, மொய் வாரிசுக்குச் செல்லுமா என்ற கேள்வி. பண மொய்யில் ஐயமில்லை. தகப்பன் வாங்கியதை மகன் செய்ய வேண்டும். வாசிப்பு மொய்யில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நிகழ்வு. வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவர் காலமானார். பதினாறாம் நாள் முடிந்து ஒரு நாவலாசிரியர் துக்கம் விசாரிக்கப் போனார். பிரிவின் வலியைப் பேசினார்கள். காப்பி வந்தது. புறப்படும்போது செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, அப்பாகிட்ட ஒரு கட்டு குடுத்திருந்தேன். அதப் பத்தி ஏதும் சொன்னாரா?" மகன் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர்; கதை, கவிதை பக்கம் போனதே இல்லை. உள்ளே போய்ச் சணல் அவிழ்க்கப்படாத கட்டைத் தூசி தட்டி எடுத்துவந்து, "கடைசி வரைக்கும் இதையேதான் சார் சொல்லிட்டிருந்தாரு, ரொம்பப் பிரமாதம்னு" என்றார். நாவலாசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்பாவோட கவிதைய எல்லாம் ஒரு தொகுப்பாப் போட்ரலாம் தம்பி" என்றார். "முன்னுரைக்கு நீங்க வேற யாரையும் தேட வேண்டாம்."