மேற்கோளைப் பொருளாக்கல்: ஓர் உயிர்த்தகவலியல் ஆராய்ச்சி

ஆய்வின் நோக்கம்

ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கட்டுரையில் சொன்ன கருத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒன்பதாம் மேற்கோளில் ஆண்டுக்குப் பின் கமா இருக்கிறது, முற்றுப்புள்ளி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மேற்கோள் என்பது யாது, அது எவற்றால் ஆனது என்று புரண்டு புரண்டு யோசித்ததன் விளைவே இவ்வாய்வு.

ஆய்வின் எல்லை

மேற்கோள்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றைப் படித்தால் ஆய்வு முடியாது என்பதால் எதையும் படிக்கவில்லை. உயிர்த்தகவலியல் மென்பொருள்களே இதன் எல்லை. பிற துறையினர் மேற்கோளைப் பட்டியலில் எழுதிவிட்டு மறந்துபோகிறார்கள். இத்துறையினரோ அதற்குக் கைகால் கொடுத்து, கணினியின் நினைவகத்தில் உட்கார வைத்து, ஆப்ஜெக்ட் என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள். தமிழில் சொன்னால், பொருள்.

பொருள் என்ற சொல்லுக்கு அர்த்தம், வஸ்து, செல்வம் என மூன்று பொருள் உண்டு (இக்கட்டுரையாளர், இதே வாக்கியம்). மேற்கோளுக்கு இம்மூன்றில் எது வாய்த்திருக்கிறது என்பதே ஆய்வுச் சிக்கல்.

முதன்மைச் சான்றுகள்

1982 முதல் இயங்கிவரும் ஜென்பேங்க் தரவுத்தளத்தில், ஒவ்வொரு பதிவிலும் மரபணு வரிசைக்கு மேலே ரெஃபரன்ஸ் என்றொரு பகுதி உண்டு. இந்த வரிசையைக் கண்டவர் யார், எங்கே எழுதினார் என்பதை அது சொல்லும். அதை வாங்கிப் பொருளாக்கித் தரும் பணியைப் பைத்தான் மொழியில் பயோபைத்தானும், பெர்ல் மொழியில் பயோபெர்லும் செய்கின்றன. ரூபி மொழிக்காரர்களின் பயோரூபி ஒருபடி மேலே போய், ஒரே மேற்கோளை நேச்சர் இதழ் பாணியிலும் சயின்ஸ் இதழ் பாணியிலும் மாற்றிக் கொடுக்கும். கமாவால் அடிபட்டவர்கள் அங்கும் இருந்திருக்கிறார்கள் என்று துணியலாம்.

இயல் 1: உறுப்பியல்

பயோபைத்தானின் மேற்கோள் பொருளுக்கு உள்ள உறுப்புகள் வருமாறு.

பப்மெட் எண் (பப்மெட் என்பது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளம்): எண்.

மெட்லைன் எண்: இதுவும் எண்தான். பப்மெட் எண் வந்தபின் பணி ஓய்வு பெற்றுவிட்டது. ஆனாலும், ஓய்வு பெற்ற பேராசிரியருக்குத் துறையில் ஒரு நாற்காலி கிடப்பதுபோல, இதற்கும் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். யாரும் உட்காருவதில்லை, எடுக்கவும் மனம் வரவில்லை.

தலைப்பு: வரிசையைத் தரவுத்தளத்துக்கு நேரே அனுப்பியதைச் சொல்லும் மேற்கோளுக்கு, 'நேரடிச் சமர்ப்பிப்பு' என்பதே தலைப்பு. எத்தனையோ பேர் இதே தலைப்பில் எழுதியிருக்கிறார்கள். கருத்துத் திருட்டு என்று ஒருவரும் புகார் செய்ததில்லை.

இதழ்: கட்டுரை இன்னும் வெளிவராவிட்டால் இவ்விடத்தில் 'வெளியிடப்படாதது' என்று இருக்கும். நிரலைப் பொறுத்தவரை அதுவும் ஓர் இதழின் பெயரே. இத்தனை அறிஞர்கள் எழுதும் இதழின் சந்தா விவரம் கிடைக்கவில்லை.

ஆண்டு: தனி உறுப்பு இல்லை. தொகுதி எண், பக்க எண் எல்லாவற்றோடும் இதழ் வரியின் வாலில் தொங்கும்.

குறிப்புரை: எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இங்கே சொல்லலாம்.

வரிசையிடம்: வரிசையின் எந்தப் பகுதிக்கு இந்த மேற்கோள் பொருந்தும் என்பது. சார்ஸ் கோவ்-2 வைரஸின் ஆதார வரிசைப் பதிவில், 2020இல் வந்த முதல் மேற்கோள் 1 முதல் 29903 வரை முழு வரிசைக்கும் உரியது. இரண்டாவது, 13476 முதல் 13503 வரையுள்ள 28 எழுத்துகளுக்கு மட்டும். அக்கட்டுரை 2005இல் வெளிவந்தது. அதாவது இந்த வைரஸ் உலகுக்குத் தெரியவருவதற்குப் பல ஆண்டு முன்பே. அது பேசுவது பழைய சார்ஸ் வைரஸைப் பற்றி. மூத்தவனின் நற்சான்றிதழைக் காட்டி இளையவன் பள்ளியில் சேர்ந்த கதை இது.

இதே 1 முதல் 29903 என்பதைப் பயோபைத்தான் 0 முதல் 29903 என்று எழுதும். பைத்தான் மொழி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். உயிரியலார் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். இவ்விரு சமயத்தாரின் பூசலில் ஓர் எழுத்து தவறிப்போய் வீணான மாலைப்பொழுதுகள் கணக்கற்றவை (இக்கட்டுரையாளர், சொந்த அனுபவம், அடித்தல் திருத்தலுடன்).

இரண்டு மேற்கோள்கள் ஒன்றா, வேறா என்ற தத்துவக் கேள்வியும் இங்கே எழுகிறது. பயோபைத்தான் 1.70ஆம் பதிப்புக்கு முன்புவரை, மற்றவை எல்லாம் ஒத்திருந்தால் வரிசையிடம் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒன்றே. 2017இல் வந்த 1.70 முதல் வரிசையிடத்தையும் ஒப்பிட்டு, வேறு வேறு என்றார்கள். அத்வைதத்திலிருந்து துவைதத்துக்குப் போகப் பாரத நாட்டுக்குச் சில நூற்றாண்டுகள் ஆயின. மென்பொருளில் ஒரு பதிப்பு போதுமானதாக இருந்திருக்கிறது.

இயல் 2: ஆசிரியர் என்னும் சரம்

இனி ஆசிரியர். இவ்வியல் சற்று நீளும், பொறுத்தருள்க.

ஆசிரியர் உறுப்பு என்பது பெரிய, பழைய சரம், அல்லது ஆசிரியர் வாரியாகப் பிரித்த பட்டியல் என்று பயோபைத்தானின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. ஜென்பேங்க் பதிவைப் படித்தால் கிடைப்பது சரம்தான், அதாவது எழுத்துகளின் கோவை. சரம் எனின் தொடுக்கப்பட்டது. தொடுக்கப்பட்டது எனின் அவிழ்க்கவும் படுமோ எனின், படும். ஆயின் பூ உதிரும். எங்ஙனம் எனின், காட்டுதும்.

ஜென்பேங்க் மரபில் முதலில் குடும்பப்பெயர், பிறகு கமா, பிறகு இடைவெளி விடாமல் முதலெழுத்து, புள்ளி. கடைசி ஆசிரியருக்கு முன்னால் தவிர, ஓர் ஆசிரியருக்கும் அடுத்தவருக்கும் நடுவிலும் கமாதான். ஆனால் இங்கே கமாவுக்குப் பின் ஓர் இடைவெளி. ஆகவே கமாவுக்குப் பின் இடைவெளி இருந்தால் வேறு ஆள். இல்லாவிட்டால் அதே ஆள். ஐரோப்பியரின் இஎம்பிஎல் மரபிலோ பெயருக்கும் முதலெழுத்துக்கும் நடுவே கமா கிடையாது. பப்மெட் மரபில் புள்ளியும் கிடையாது. ஒரே மனிதர் மூன்று தரவுத்தளங்களில் மூன்று அவதாரம்.

இடைவெளி ஒன்று தவறி விழுந்தால் என்ன ஆகும்? கமாவையும் இடைவெளியையும் சேர்த்துக் கண்ட இடத்தில் வெட்டும் நிரல், முருகன் என்றொருவர், 'கே.' என்றொருவர் என இரண்டு பேரை உண்டாக்கும். இந்தக் கே. பிறந்தவரல்லர், ஆய்வகத்தில் கால் வைத்தவரல்லர், ஆயினும் ஆசிரியர். ஆய்வகத்தில் கால் வைக்காமலே ஆசிரியராக இருப்பவர்கள் பல்கலைக்கழகங்களிலும் உண்டு என்று சொல்லக்கூடும். அவர்கள் மென்பொருள் பிழையால் உண்டானவர்கள் அல்லர் என்பதால் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரார்.

தமிழருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. அப்பாவின் பெயர் இனிஷியலாக முன்னே நிற்கும். கந்தசாமி மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் க. முருகன். முருகனைக் குடும்பப்பெயர் என்று கொண்டால் பிழையில்லை, மகன் பிழைத்தார். ஆனால் எப்போதோ ஏதோ ஒரு படிவம் குடும்பப்பெயரைக் கேட்க, அவர் அப்பாவின் பெயரை எழுதித் தொலைத்திருந்தால், தரவுத்தளத்தில் கந்தசாமி ஆசிரியராகவும் முருகன் ஒற்றை எழுத்தாகவும் ஏறிவிடுவார்கள். மகன் ஐந்தாண்டு கண்விழித்துப் பிரித்தெடுத்த மரபணு, வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் அப்பாவின் பெயரில் வரலாற்றில் நிற்கும். தந்தைக்கு மகன் ஆற்றும் உதவிகளில் இதனினும் பெரியது இல்லை (இக்கட்டுரையாளர், "கமாவும் யானும்", கையெழுத்துப்படி, பால் கணக்கு நோட்டின் பிப்ரவரிப் பக்கம், பால் வாங்காத இரண்டு நாள்களின் கட்டங்களுக்குள், பாடபேதத்துக்குக் காண்க: அதே நோட்டு, மார்ச், தேநீர்க் கறைக்கு இடப்புறம், மறுப்புக்குக் காண்க: பால்காரரின் பென்சில் குறிப்பு, அதற்கு நேர் கீழே).

இயல் 3: இடம்

லொக்கேஷன், அதாவது இடம், என்னும் சொல் இத்துறையில் பலபொருள் ஒருசொல். பயோபைத்தானின் மேற்கோளில் இடம் என்றால் மரபணு வரிசையில் எங்கே என்பது. பயோபெர்லில் இடம் என்றால் எந்த இதழ், எந்தப் பக்கம் என்பது. இரு சாராரும் தம் பொருள்களைக் கொண்டுபோய்ச் சேமிக்கும் பொதுக் களஞ்சியம் பயோஎஸ்க்யூஎல். அதில் மேற்கோளுக்கென ஓர் அட்டவணை உண்டு. அங்கே இடம் என்பது பெர்ல்காரர்களின் இடம். பைத்தான்காரர்கள் வாசலில் செருப்போடு தம் அகராதியையும் கழற்றி வைத்துவிட்டு, இதழை இடம் என்ற பத்தியில் எழுதுகிறார்கள்.

இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு அந்த அட்டவணையில்தான் கிடைத்தது. அதன் விதிப்படி தலைப்பு இல்லாமல் இருக்கலாம். ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம். இடம் மட்டும் வெறுமையாக இருக்கக் கூடாது. இடம் கிடைக்காத மேற்கோளுக்குப் பயோபைத்தான் ஒரு வெற்றுச் சரத்தை எழுதிக் கொடுத்து உள்ளே அனுப்புகிறது. வீடு இல்லாவிட்டாலும் முகவரி வேண்டும்.

நம் தொல்காப்பியர் முன்னோர் கருத்தைச் சொல்லும்போது என்மனார் புலவர் என்று முடித்துவிடுவார். ஆசிரியர்: புலவர். தலைப்பு: இல்லை. இதழ்: இல்லை. முதல் இரண்டையும் அட்டவணை பெருந்தன்மையோடு ஏற்கும். மூன்றாவதில் தொல்காப்பியர் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

மேலும், ஒரே மேற்கோள் இருமுறை ஏறாமலிருக்க ஆசிரியர், தலைப்பு, இதழ் மூன்றையும் சேர்த்துச் சரிபார்ப்பு எண் ஒன்று கணக்கிடுகிறார்கள். இல்லாத இடத்தில் 'வரையறுக்கப்படாதது' என்று பொருள்படும் சொல்லை வைத்துக் கணக்கிடுவார்கள். மூன்றுமே இல்லாவிட்டால் அந்தச் சொல்லே மூன்று முறை. எண் மறுபடி வரக் கூடாது என்பது விதியாதலால், ஒன்றுமே அறியாத மேற்கோள் ஒரு களஞ்சியத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். கருத்தரங்குகளிலும் இவ்விதியைக் கொண்டுவந்தால் மதியச் சாப்பாட்டுச் செலவு பெரிதும் குறையும்.

ஆய்வு முடிவுகள்

ஒன்று: மேற்கோளுக்கு வஸ்து என்ற பொருள் உண்டு, கணினி அதைத் தொட்டுக் காட்டுகிறது.

இரண்டு: செல்வம் என்ற பொருளும் உண்டு, பதவி உயர்வுக் குழுவினரைக் கேட்டால் சொல்வார்கள்.

மூன்று: அர்த்தம் என்ற பொருளுக்கு எந்த மென்பொருளிலும் உறுப்பு அமைக்கப்படவில்லை. இது நிரலாளர் குற்றம் அன்று. யார் சொன்னார், என்ன சொன்னார் என்பவை விருப்பம்போல், எங்கே வெளிவந்தது என்பது மட்டும் கட்டாயம் என்பதை அறிவுலகம் வாயால் சொல்லக் கூசுகிறது. அட்டவணை எழுதியவர் ஒரே வரியில் எழுதிவிட்டார்.

என் கட்டுரைக்கு வருவோம். கமாவை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்து அனுப்பினேன். ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒன்பதாம் மேற்கோளை எதற்காகச் சேர்த்தேன் என்பது எனக்கே நினைவில்லை. அவர்களும் கேட்கவில்லை. இதழின் பெயர் சரியாக இருந்தது.