புளியோதரை இரண்டு வேளைக்கு

செயின்ட் மேரிஸ் ரோட்டில் குடியிருக்கும் எங்கள் மாமாவுக்குச் சேப்பாக்கம் என்றால் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறும் தூரம். அந்த மெத்தனத்தில்தான் 2023 ஐபிஎல் இறுதியாட்டத்துக்கு அகமதாபாத் கிளம்பினார். போக நவஜீவன், திரும்ப விமானம், புளியோதரை இரண்டு வேளைக்கு, லாட்ஜ் அறை ஓர் இரவுக்கு. மே 28 ஆட்டம், 29 காலை கிளம்பி வீடு. கத்திரி வெயிலில் குஜராத்தில் மழை பெய்யும் என்று எந்த அபிராமபுரத்துக்காரர் நினைப்பார்?

பெய்தது. ஆட்டம் மறுநாளுக்குப் போயிற்று. இன்னோர் இரவுக்கு லாட்ஜில் கேட்ட வாடகையில் மயிலாப்பூரில் ஒரு காதுகுத்தே நடத்திவிடலாம். மஞ்சள் சட்டைக்காரர்கள் பலர் ரயில் நிலையத் தரையில் படுத்தார்கள். மாமாவும் துண்டை விரித்தார். 1,32,000 பேர் உட்கார இடம் கட்டிய ஊரில் ஒருவர் படுக்க இடமில்லையா என்பது அவர் வருத்தம். (குளிருக்கு ஒரு மடக்கு என்றால், அது மதுவிலக்கு மாநிலம்.) மறுநாளும் மழை குறுக்கிட்டு, 30ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்தபோது மாமாவின் விமானம் எப்போதோ மீனம்பாக்கத்தில் இறங்கியிருந்தது, மாமா இல்லாமல்.

அதே மைதானத்தில் அக்டோபரில் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம். ஓட்டல் வாடகை எகிறியதால், முழு உடல் பரிசோதனை என்று சொல்லி ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பதிவு செய்கிறார்களாம், ஜூலையிலேயே பேப்பரில் வந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“எனக்கு எப்படியும் சுகர் பார்க்கணும்டா” என்றார்.