பஹ்ரைன் போகாத பஹ்ரைன்காரர்

நான் விமானத்தில் ஏறியதில்லை. மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டியதோடு சரி. ஆனாலும் சேத்தியாத்தோப்புக் கடைவீதியில் எனக்குப் பெயர் ‘பஹ்ரைன் சார்’. பையன் ஏசி மெக்கானிக் வேலைக்கு அங்கே போன நாளிலிருந்து, எந்த விமானம் எங்கே இறங்கும், எங்கே மாற வேண்டும் என்று விசாரிக்க ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். வராவிட்டால் நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

பறக்கிற விமானத்தைப் படத்தில் காட்டுகிற செயலி ஒன்று என் போனில் இருக்கிறது. சென்னையில் கிளம்பிய கல்ஃப் ஏர் விமானம் சின்னப் பூச்சி மாதிரி நகர்ந்து அரபிக்கடலுக்குள் இறங்குகிறவரை கண்ணெடுக்க மாட்டேன். அதில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இருப்பதில்லை. “நீங்க பாக்கலைன்னா அது கீழ விழுந்துடுமா? போய் கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க” என்பாள் வீட்டுக்காரி.

பஹ்ரைன் என்கிற நாடே நம் கடலூர் மாவட்டத்தில் கால்வாசிக்கும் குறைவு. விமான நிலையம் இருப்பது முஹர்ரக் என்ற தீவில். தலைநகர் மனாமாவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஆள் சிறிசானாலும் வயதில் மூத்தது. லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் 1932-லேயே அங்கே இறங்கத் தொடங்கிவிட்டன. துபாய் விமான நிலையம் திறந்ததே 1960-ல்தான். துபாய்க்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு என்னெதிரில் நெஞ்சை நிமிர்த்தி உட்காருகிறவர்களிடம் இதை முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன்.

அடுத்த அஸ்திரம் கான்கார்ட். ஒலியைவிட வேகமாகப் பறந்த அந்த விமானத்தை பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதன்முதலாகப் பயணிகளோடு லண்டனிலிருந்து கிளப்பியது 1976 ஜனவரி 21-ல். அது போய் இறங்கிய ஊர் நியூயார்க் இல்லை, இதே பஹ்ரைன்தான். சுமார் நாலு மணி நேரம். டீக்கடையில் இதைச் சொல்லி முடித்ததும் ஒருவர் கேட்டார்: “சார், நம்மூர்லேர்ந்து மீனம்பாக்கம் எத்தனை மணி நேரம்?” அன்றைக்கு டீ முழுதாகக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

கேட்டவர் மேல் தப்பில்லை. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையை மூன்று துண்டாகப் பிரித்தார்கள். விக்கிரவாண்டி–சேத்தியாத்தோப்பு ஒன்று, சேத்தியாத்தோப்பு–சோழபுரம் ஒன்று, சோழபுரம்–தஞ்சாவூர் ஒன்று. காகிதத்தில் பார்த்தால் துபாய், தோஹாவைப் போல நம்மூரும் ஒரு கனெக்‌ஷன் ஊர்தான். தெற்கே போகிற துண்டுகள் முடிந்தும், சென்னைப் பக்கத்துத் துண்டு மட்டும் இழுத்துக்கொண்டே கிடந்தது. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, அங்கே இறங்கிப் பெட்டிகளோடு இன்னொரு வண்டி மாற வேண்டியதாகிவிட்டது. 2004 முதல் வீராணம் ஏரித் தண்ணீர் மட்டும் எங்கும் மாறாமல், பெரிய குழாயில் ஜம்மென்று சென்னைக்குப் போகிறது. ஏரிக்குப் பக்கத்து ஊர்க்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

“நேர் விமானம் இருக்கும்போது எதுக்கு சார் இத்தனை ஊர்ல மாறணும்?” என்று விவரம் புரியாதவர்கள் கேட்பார்கள். விலைதான். சென்னையிலிருந்து பஹ்ரைனுக்கு நேராகப் போனால் ஐந்து மணி நேரம் போல ஆகும். மஸ்கட்டிலோ அபுதாபியிலோ மாறினால் பொழுது போய்விடும், ஆனால் பல சமயம் டிக்கெட் மலிவு. “நடுவுல ஒன்பது மணி நேரம் உக்காந்திருக்கணுமா?” என்பார்கள். இங்கே திண்ணையில் உட்காருகிறோமே, அதற்கு ஏசியா போட்டிருக்கிறது?

இத்தனை மாற்று வழிகள் எப்படி வந்தன என்பதையும் விளக்குவேன். இது ஒரு பாகப்பிரிவினைக் கதை. 1950-ல் பஹ்ரைனில் தொடங்கிய கம்பெனிதான் கல்ஃப் ஏர். 1974-ல் பஹ்ரைன், கத்தார், அபுதாபி, ஓமன் நாலு பேரும் அதில் பங்காளிகள். ஒரே அடுப்பு, ஒரே உலை. பிறகு ஒவ்வொருவருக்கும் தனிக்குடித்தன ஆசை வந்தது. ஓமன் ஏர், கத்தார் ஏர்வேஸ், எத்திஹாத் என்று ஆளுக்கொரு அடுப்பு மூட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் பங்கைப் பிரித்துக்கொண்டு போனார்கள். பழைய வீட்டோடு கடைசியில் நின்றது பஹ்ரைன்தான். பிரிந்து போனவர்கள் ஆளுக்கொரு பெரிய விமான நிலையம் கட்டிக்கொண்டதால்தான் நமக்கு மஸ்கட், தோஹா, அபுதாபி என்று மாறிப்போக இத்தனை வாசல்கள்.

பங்காளி என்றால் சண்டை இல்லாமலா? 2017 ஜூனில் சவூதி, அமீரகம், எகிப்தோடு சேர்ந்து பஹ்ரைனும் கத்தாரோடு பேச்சை முறித்தது. தோஹாவிலிருந்து பஹ்ரைனுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் விமானம் நின்றுபோனது. 2021 ஜனவரியில் சமாதானம் ஆனார்கள். அப்புறமும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் விமானம் பறக்க 2023 மே வரை ஆனது. என் தம்பியும் நானும் வரப்புத் தகராறில் பேசாதிருந்த காலம் இதைவிட அதிகம் என்பதால், இந்த இடத்தில் நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன்.

வெளிநாட்டுக் கதை போதும், உருப்படியாக ஒன்று சொல்கிறேன். மாறிப் போவதென்றால் முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆர். நம்பரில் வாங்குங்கள். மலிவாயிருக்கிறதென்று இரண்டு கம்பெனியில் தனித்தனியாக வாங்கினால், பெரும்பாலும் நடுவழியில் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும், வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். இந்த ஒரு அறிவுரைக்காகவாவது கடைவீதியில் எனக்கு மரியாதை மிச்சமிருக்கிறது.

வீட்டுக்குள் அந்த மரியாதை செல்லுபடியாகாது. பஹ்ரைன் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்று ஊருக்கே பாடம் எடுத்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்குப் பையனுக்குப் போன் போடுவேன். அவன் “அப்பா, மணி ரெண்டரைப்பா” என்று முனகுவான். பெட்டி கட்டும் நாளிலோ நான் வெறும் எடைக்கல். கொப்பரையைப் பெட்டியில் போட்டு அனுப்ப விமானத்தில் அனுமதி இல்லை, எண்ணெய்ப் பசையில் தீப்பிடிக்கும் என்பேன். “நம்ம வீட்டுப் பரண்ல இத்தனை வருஷமா பிடிக்கலையே” என்பாள். குருமாப் பொடியில் கசகசா வேண்டாம், வளைகுடாவில் பல நாடுகளில் அது போதைப்பொருள் கணக்கு, உள்ளே தள்ளிவிடுவார்கள் என்பேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, “கசகசாவுக்கே ஜெயில்னா, உங்க பேச்சைக் கேட்டவங்களுக்கு என்ன குடுப்பாங்க?” என்றாள். ஆனால் கசகசாவை எடுத்துவிட்டாள். அதுவரை வெற்றி.

தோற்றது ஜாடி விஷயத்தில்தான். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்று விருத்தாசலம் பீங்கான் ஜாடியில்தான் போடுவாள். ஊறுகாயைவிட ஜாடி கனம். முப்பது கிலோ கணக்கில் பண்ருட்டி முந்திரி ஏறியது, வடகம் ஏறியது, ஜாடிக்கு இடமில்லை. பையன் அதை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த மாதம் பஹ்ரைன் போகிறவர் யாராவது இருந்தால் சொல்லியனுப்புங்கள். நேர் விமானமோ, மஸ்கட் வழியோ, எதுவானாலும் சரி. எலுமிச்சை ஊறுகாய் ஒரே ஒரு ஜாடி, ஜாடியோடு சேர்த்து நாலு கிலோதான் வரும். கசகசா இல்லை, அதற்கு நான் பொறுப்பு.