பேசி முடிக்கும் அண்ணாச்சி

கோவில்பட்டிக்கு மழையில் பஞ்சம் உண்டு, சங்கத்தில் கிடையாது. தீப்பெட்டிக்காரருக்கு, கடலைமிட்டாய்க்காரருக்கு, லாரிக்காரருக்கு, ரிட்டயர்டு ஆனவருக்கு, ஒரு தெருவில் குடியிருப்பவருக்கு என்று ஆளுக்கொரு சங்கம். அண்ணாச்சி இவற்றில் பலவற்றில் உறுப்பினர், ஒன்றிலும் பதவி இல்லை. சந்தா ரசீதை மட்டும் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருப்பார். கூட்டத்தில் குரல் ஏறி, யாராவது "கணக்கைக் காட்டுய்யா" என்று எழுந்துவிட்டால், பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வரும்: "இருங்கப்பா, அண்ணாச்சி வரட்டும்."

வந்ததும் அவர் கேட்பது கணக்கை அல்ல. "டீ சொல்லியாச்சா?"

டீ வரும்வரை யார் என்ன கத்தினாலும் தலையாட்டுவார். டீ வந்தபின் வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பார். பெருங்குரலில் கத்திக்கொண்டிருந்தவர் முதல் ஆளாக கிளாஸை எடுத்துவிடுவார்; அவரால் ஆபத்தில்லை. மூலையில் பேசாமல் உட்கார்ந்து "எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொல்வார் பாருங்கள், சண்டையின் வேர் அங்கே இருக்கிறது. அண்ணாச்சி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொள்வார். சில்லறைச் செலவுக்கு வவுச்சர் இல்லை என்று தொடங்கிய தகராறு, ஆண்டுவிழா நோட்டீஸில் 'முன்னிலை' வரிசையில் அவர் பெயர் நாலாவதாகப் போனதில் வந்து நிற்கும். கோபம் அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டுதான் வரும். அந்த இடத்திலேயே 'கௌரவ ஆலோசகர்' என்று ஒரு பதவி பிறக்கும். ஒரு சங்கத்தில் இப்போது ஆலோசனை கேட்க ஆளில்லை, எல்லாரும் ஆலோசகர்கள்.

தீர்மானப் புத்தகத்தை அவர் செயலாளரை நம்பி விடமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வாசகம் சொல்வார். நாற்காலி பறந்த கூட்டத்துக்கு, "இருக்கைகள் மாற்றி அமைக்கப்பட்டன." ஒருவர் சட்டையை இன்னொருவர் பிடித்ததற்கு, "உறுப்பினர்கள் நெருக்கமாகக் கலந்துரையாடினர்." பொய் ஒரு வரிகூட இருக்காது.

இதற்கும் மசியாதவர்களுக்கு ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருக்கிறார். 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டம். "சரி மாப்ளே, ரெண்டா உடைஞ்சுக்கோங்க. நீ ஒரு ஏழாம் நம்பர் படிவம் கொடு, அவரும் ஒண்ணு கொடுக்கட்டும். ரெண்டு தலைவர், ரெண்டு செயலாளர். பதிவாளர் ரெண்டையும் பார்த்துட்டு சிவில் கோர்ட்டுக்குப் போங்கம்பார். பாங்க்ல கணக்கை நிறுத்திருவான். அப்புறம் டீக்குக்கூடக் காசெடுக்க முடியாது." கடைசி வாக்கியத்தில் கூட்டம் அடங்கிவிடும். வழக்கு பேரன் காலம் வரை நடக்கலாம், பரவாயில்லை. டீ நிற்பது வேறு விஷயம்.

பொறுமை இல்லாத இளவட்டங்களுக்கு வேறு பாடம். "கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கேட்டு 2014-ல எழுதிப்போட்டாங்க. 2020-ல கிடைச்சது. ஆறு வருஷம்! உன்னால ஆறு நிமிஷம் உட்கார முடியலையா தம்பி?"

தீப்பெட்டி விலைக் கதையை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வார். 2007-ல் 50 பைசாவிலிருந்து ஒரு ரூபாய்க்கு ஏறிய பெட்டி 14 வருஷம் அங்கேயே நின்றது. மெழுகு விலை ஏறியது, பாஸ்பரஸ் ஏறியது, அட்டை ஏறியது, கூலி ஏறியது. தீக்குச்சி மட்டும் ஒரு ரூபாய்க்கே எரிந்தது. 2021 அக்டோபரில் ஐந்து தீப்பெட்டிச் சங்கத்துக்காரர்கள் சிவகாசியில் கூடி, டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் என்று முடித்தார்கள். ஒரு சங்கத்துக்குள்ளேயே ஒத்துப்போகாத ஊரில் ஐந்து சங்கம் எப்படி ஒத்துப்போனது? "லாபம்னா ஆளுக்கொரு கணக்கு. நஷ்டம்னா எல்லாருக்கும் ஒரே கணக்குதானே" என்பார்.

அதற்கு முந்திய ஜிஎஸ்டி கதையைக் கேட்டால் வெற்றிலை மெல்லத் தொடங்கிவிடுவார். கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மெஷின் தீப்பெட்டிக்கு 18. ஒரே ஊரில், ஒரே மருந்தில் முக்கிய குச்சிக்கு இரண்டு வரி. 2020 மார்ச்சில் எல்லாருக்கும் 12 என்று டெல்லியில் முடிவானபோது, 18 கட்டியவர் இனிப்பு வாங்கப் போனார், 5 கட்டியவர் வக்கீலைப் பார்க்கப் போனார். அண்ணாச்சி திருச்செந்தூருக்குப் போய்விட்டார். டீயால் ஆகாத காரியம் எது என்று தெரிவதில்தான் அவருடைய அனுபவமே இருக்கிறது. நல்லவேளை, அவர் திரும்பி வந்து யாரும் பிடித்துக்கொள்வதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது.

போன தேர்தலில் ஒரு விவரமில்லாத பையன் எழுந்து, "இவ்வளவும் செய்ற அண்ணாச்சியையே தலைவராப் போட்டா என்ன?" என்றான். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத இரண்டு கோஷ்டியும் சேர்ந்து, "அதெல்லாம் கூடாது!" என்றன. அவர் தலைவராகிவிட்டால் அவரை எதிர்த்துச் சண்டை போட வேண்டிவரும். அப்போது யாரைக் கூப்பிடுவது? பையன் உட்கார்ந்தான். அண்ணாச்சி தீர்மானப் புத்தகத்தை இழுத்து, செயலாளரிடம் சொல்லத் தொடங்கினார்: "எழுதுய்யா... ஏகமனதாக."